சகலமும் நெவிலுக்கே

இந்த வருஷம் மீன்பிடிப் பருவம் முழுவதையும் ஆற்றிலேயே கழித்துவிடுவது என்று நெவில் முடிவெடுத்தபோது, அவனுடைய வலது கை ஒரு தலையணை உறைக்குள் இருந்தது. மோட்டலில் இன்னும் மூன்று அறைகளுக்குப் படுக்கை விரித்தாக வேண்டும். வெளியே வெஸ்ட் கோஸ்ட் மழை வேறு பிழைப்பே இல்லாததுபோல் பெய்துகொண்டிருந்தது. நெவிலுக்கு அது கேட்கவில்லை. கண்ணுக்குள் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் பிறந்தால் வைட்பெய்ட் ஏறத் தொடங்கும். விரல் நீளம்கூட இல்லாத, கண்ணாடி மாதிரி உடம்புள்ள குஞ்சு மீன்கள். பத்து வாரத்துக்குக் கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பத்து வாரமும் வெஸ்ட் கோஸ்ட் கடலோரத்தில் பாதிப் பேருக்கு வீடு, வாசல், முதுகுவலி எதுவும் கிடையாது. தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய பலகை மேடை, ஒரு வலை, ஒரு கெட்டில், பிடித்ததை முட்டையில் கலந்து வார்க்க ஒரு வாணலி. நெவில் உட்காரும் மேடை அவன் மனைவி நோலீனின் அப்பா விட்டுப்போனது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக மேடையில் மாப்பிள்ளை உட்கார்கிறான். மகள் மோட்டல் கவுண்டரில் உட்கார்கிறாள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று நெவிலுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இந்த வருஷம்தான் சிக்கல். அறைகளைக் கவனித்துவந்த நோலீனின் தங்கை பெர்த் நகரத்துக்குக் குடிபோய்விட்டாள். கவுண்டருக்கு ஒருவர், அறைகளுக்கு ஒருவர் என்றால் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஆறு அம்போ.

அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் வந்தது. நெவில் விளம்பரத்தாளை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்துச் சுற்றினான். 'ஆரம்பம்', 'வீடு', 'தொழில்' என்று படிப்படியாக ஏறி உச்சியில் 'சகலமும்' என்று ஒரு பதிப்பு. அது இருந்தால் எங்கோ உட்கார்ந்துகொண்டு இன்னொரு கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்கலாமாம். கூடவே ஒரு படம்: மடியில் லேப்டாப்போடு ஒருவன் ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முகம் போய் நெவிலின் முகம் வந்தது. ஏரி போய் ஆறு வந்தது. மூடுபனி இறங்க, கெட்டில் கொதிக்க, மோட்டலுக்கு வரும் புக்கிங் எல்லாம் மிதந்து மிதந்து அவன் மடிக்கே வந்து சேர்ந்தன.

"நெவில், உருளைக்கிழங்கு கருகுது," என்றாள் நோலீன்.

"கருகட்டும். நோலீன், நான் ஆத்துல இருந்தே ஆபீஸைப் பார்த்துக்கப்போறேன்."

"எப்படி? பைனாகுலர் வெச்சா?"

"புது சிஸ்டம். புக்கிங், பில்லு எல்லாம் நான் அங்கிருந்தே முடிச்சிடுவேன். உனக்குக் கவுண்டர் தொல்லையே இல்ல. ரூம் வேலையை மட்டும் பார்த்தாப் போதும்."

"எட்டு ரூமும்?"

"நிதானமா பண்ணு. யாரு துரத்துறாங்க?"

நோலீன் கருகின கிழங்கைச் சுரண்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "அப்படின்னா, வெளியில இருந்து யாரால ஆபீஸைத் திறக்க முடியுதோ அவங்க ஆத்துக்குப் போகலாம்னு சொல்றே."

"அதேதான்!"

"இன்னொருத்தர் ரூம் வேலை."

"கரெக்ட்."

"எழுதிக் குடு. நாளைக்கு நீ மாத்திப் பேசுவே."

எழுதிக் கொடுத்தான். எழுதுகிற சந்தோஷத்தில் தானாகவே இன்னொரு வரியும் சேர்த்தான்: அவரவர் மிஷின் அவரவருக்கு, அடுத்தவர் தொடக்கூடாது. வருஷக்கணக்காக அவனுடைய லேப்டாப்பில் நோலீன் பிஸ்கட் தூள் கொட்டுகிற கோபம் அது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள்.

கடைக்காரர் பிரெண்டன் பொறுமைசாலி. "உங்ககிட்ட ரெண்டு லேப்டாப். எதுக்கு எந்தப் பதிப்புன்னு முதல்ல முடிவு பண்ணணும். ஏன்னா இந்த வெளியிலிருந்து திறக்கிற விஷயம் இருக்கு பாருங்க..."

"'சகலமும்' எனக்கு," என்றான் நெவில்.

"அது சரி. ஆனா எது ஆபீஸ்ல இருக்கப்போவுதுன்னு..."

"ஆபீஸ்ல இவளோடது இருக்கும். அதுக்கு 'வீடு' போதும். இவ மெயில் பார்ப்பா, சீட்டாடுவா."

பிரெண்டன் நோலீனைப் பார்த்தார். நோலீன் பெட்டியைத் திருப்பிப் பிடித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"அவர் கேக்குறபடியே குடுத்துடுங்க பிரெண்டன். பெருசு அவருக்கு, சின்னது எனக்கு."

"உனக்கு வருத்தமில்லையே?" நெவிலுக்கே ஒரு மாதிரி இருந்தது.

"சேச்சே. நீ ஆசைப்பட்டே. எடுத்துக்கோ."

திரும்பும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு வந்தான். இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்க என்ன தவம் செய்தோம் என்று நினைத்தபோது உண்மையாகவே கண் கலங்கியது. காரை ஓட்டியது நோலீன்.

பருவம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஒத்திகை. நெவில் மேடையில் போய் உட்கார்ந்தான். அலை அடங்கிய ஆறு. அக்கரையில் ஒரு கொக்கு. மூன்றாவது பலகையில் உட்கார்ந்தால் சிக்னலும் கிடைத்தது. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? மடியில் 'சகலமும்' மெல்லச் சூடாகியது. பொத்தானை அழுத்தினான்.

ஆபீஸ் லேப்டாப் திறக்க மறுத்தது. மறுபடி அழுத்தினான். மறுத்தது. கெஞ்சினான், திட்டினான், லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தும் பார்த்தான். கொக்கு பறந்துபோனது. கடைசியில் பிரெண்டனுக்குப் போன் போட்டான்.

"அதைத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன்," என்றார் பிரெண்டன். "'சகலமும்' இருக்கிற மிஷினுக்குள்ள வெளியிலிருந்து யாரும் வரலாம். 'வீடு' யாரையும் உள்ள விடாது. பெருசு ஆபீஸ்ல இருக்கணும். ஆத்துக்கு எடுத்துட்டுப் போறதுக்குச் சின்னதே போதும், அதுல இருந்து பெருசைத் திறந்துடலாம்."

நெவிலுக்கு ஆறு, மேடை, கெட்டில் எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றின. காரில் பறந்து வந்தான். கவுண்டரில் நோலீன் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் குடிமுழுகிடல," என்றான் மூச்சு வாங்க. "புக்கிங் எல்லாத்தையும் என்னோடதுல ஏத்திடுவோம். அது இங்கயே இருக்கட்டும். நான் உன்னோடதை எடுத்துட்டுப் போறேன்."

நோலீன் டீக்கோப்பையால் ஃப்ரிட்ஜ் பக்கம் காட்டினாள். அடுத்தவர் தொடக்கூடாது. அவன் எழுத்து, அவன் கையெழுத்து.

"நோலீன்... அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சு இல்ல, எழுத்து. உன்னோடது ஆபீஸ்ல இருந்தா, வெளியில இருந்து அதைத் திறக்கப்போறது என்னோடது. அப்ப ஆத்துக்கு நான்."

"சரி, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பெட்டிக்குப் பின்னாடி போட்டிருந்துச்சு. நீதான் முன்பக்கத்துப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கலையே."

"நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்!"

"நீயும் என்னைக் கேட்டிருக்கலாம். ஒரு வருஷமாவது. அது எங்கப்பா மேடை, நெவில். நான் நடக்கப் பழகினதே அந்தப் பலகை மேலதான். எனக்கும் ஆசை இருக்காதா?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நெவிலுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு புக்கிங் எல்லாவற்றையும் 'சகலமும்' லேப்டாப்பில் ஏற்றி, அவள் வெளியிலிருந்து திறக்க அவனே வழிசெய்து, கவுண்டரில் வைத்தான். பிறகு வலையைப் பரணிலிருந்து இறக்கி, கிழிசலைப் பார்த்து, அவள் காரில் அவனே ஏற்றினான். பிஸ்கட் டப்பாவையும் ஏற்றினான்.

செப்டம்பர் முதல் தேதி நோலீன் விடிகாலையிலேயே கிளம்பிவிட்டாள். புக்கிங்குகளை அவள் ஆற்றிலிருந்தே கச்சிதமாகப் பார்த்தாள். நெவில் எட்டு அறைக்கும் விரித்தான், எட்டுக் குளியலறையும் தேய்த்தான், மத்தியானம் கவுண்டர் பக்கம் வந்து முதுகைச் சாய்த்தான். 'சகலமும்' எதிரே திறந்திருந்தது. திரையில் ஆற்றின் படம் வைத்திருந்தான். அதையே பார்த்தான். மூடுபனி மெல்ல இறங்கியது. தண்ணீர் பலகையை நக்கும் சத்தம்கூடக் கேட்டது. வலைக்குள் வெள்ளி வெள்ளியாக ஏதோ நிறைந்துகொண்டே வந்தது. தூரத்தில் எங்கோ ஒரு மணி, மாதா கோயில் மணியாக இருக்கும், விட்டு விட்டு ஒலித்தது.

படத்து ஆற்றின் நடுவில் அம்புக்குறி தானாக நீந்தியது. ஒரு வெள்ளைத்தாள் விரிந்தது. அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நெவில் வாயைப் பிளந்துகொண்டு படித்தான்.

"நெவில், தலையைத் தூக்கு. ஆக்லாந்துல இருந்து வந்த தம்பதி கவுண்டர் மணியைப் பத்து நிமிஷமா அடிக்கிறாங்களாம், இப்ப எனக்குப் போன் பண்ணாங்க. உன் முன்னாடிதான் நிக்கிறாங்க."