கடல் மூடிய பாதையும் கீழே வைக்காத இரண்டு கரண்டிகளும்

அன்புள்ள தங்கை இன்சொனுக்கு,

அண்ணன் பியோ கில்தே எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. அங்கே நீயும் வீட்டுக்காரரும் மகனும் புசான் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நான் வாத்தியாராக இருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ஐயா, சாப்பாட்டில பெரியவர் கரண்டியக் கீழே வைக்கிற வரைக்கும் மத்தவங்க எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. ஒரே மேசையில ரெண்டு பெரியவங்க இருந்தா?" வகுப்பே சிரித்தது. "எப்போதும் ஒருவர் மூத்தவராக இருப்பார், உட்கார்" என்றேன். பாடப் புத்தகத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாங்கள் சம்பந்தம் பேசப் போன சோரா தீவில் இருந்தது.

உன் மகனுக்கும் சம்பந்தம் பேசப் போகிறாய் என்பதால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். நம் யோன்ஜேயும் அவள் விரும்பிய கன்ஹோவும் இரு வீட்டாரின் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று உறுதியாக இருந்தார்கள். கன்ஹோவின் அப்பா நோ, ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பையனைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் பிடி கொடுக்காமல், "ஒரு தடவ நேரில பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆக, அந்த ஒரு மதியச் சாப்பாட்டில்தான் என் மகளின் வாழ்க்கை இருந்தது. சியோலின் சந்தடியில் வேண்டாம், மேற்குக் கரையில் அமைதியான ஒரு தீவு இருக்கிறது, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று பிள்ளைகளே இடம் பார்த்தார்கள். கடல் வற்றும்போது சேற்றுக்கு நடுவே பாதை தெரியும், ஏறும்போது பாதை முழுகிவிடும், அப்படிப்பட்ட தீவு. போகும்போது சேறு வெயிலில் மின்னியது, நாரைகள் நின்றன, நான் காரில் கை பிசைந்துகொண்டிருந்தேன்.

தீவின் சாப்பாட்டுக் கடையில் இரு வீட்டாரும் அறிமுகம் ஆனதும் முதல் சங்கடம். நானும் நோவும் பிறந்த வருடம் கேட்டுக்கொண்டோம். இருவரும் ஒரே வருடம். மாதத்தைக் கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை. கேட்டால் ஒருவர் இளையவர் ஆகிவிடுவார் அல்லவா? சிப்பி போட்ட நூடுல்ஸ் வந்தது. "நீங்க தொடங்குங்க." "ஐயோ, நீங்க தொடங்குங்க." கடைசியில் இருவரும் பந்தயத்தில் விசில் ஊதியதுபோல் ஒரே நேரத்தில் கரண்டியை எடுத்தோம். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது, முடிவுதான் வரவில்லை. என் கிண்ணத்தில் நூடுல்ஸ் தீர்ந்துவிட்டது, ஆனால் நான் கரண்டியை வைத்துவிட்டால் அவரைப் 'போதும், எழுந்திரும்' என்று விரட்டியதாகும். உதாரணத்துக்கு, மணி அடிக்குமுன் வாத்தியார் புத்தகத்தை மூடினால் வகுப்பு நிற்குமா? அதனால் வெறும் ரசத்தைத் தொட்டுத் தொட்டு உதட்டுக்குக் கொண்டுபோனேன். அவரும் அதையேதான் செய்தார். தண்ணீரில்லாத குளத்தில் இரண்டு கிழவர்கள் துடுப்புப் போட்டது போல இருந்தது. நடுநடுவே அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முடிந்தது, மனிதருக்கு நம் பெண்ணைப் பிடிக்கவில்லை, எப்போது எழலாம் என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். யோன்ஜேயோ பதற்றமே இல்லாமல் சிப்பிகளின் ஓட்டைப் பிரித்துச் சதையை அவர் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். என்ன பொறுமை, என் வளர்ப்பு என்று அந்த வேதனையிலும் பெருமைப்பட்டேன்.

கடைக்கார அம்மா ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தார். "ஐயா, தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு. அக்கரைக்குப் போறவங்க பாத்துக்கங்க."

நான் நோவைப் பார்த்தேன். நோ என்னைப் பார்த்தார். முதலில் எழுகிறவர் தப்பித்து ஓடுகிறவர் ஆவார். அந்த நேரம் பார்த்து கன்ஹோ கடைக்கார அம்மாவிடம், "அக்கா, இன்னும் கொஞ்சம் முள்ளங்கிக் கிம்ச்சி கிடைக்குமா?" என்றான். பிள்ளை பசியோடு இருக்கிறான், இப்போது எப்படிக் கரண்டியை வைப்பது?

அந்த அம்மா மறுபடி வந்தபோது மரியாதை பாதி கரைந்திருந்தது. "என்னங்கய்யா, கிண்ணத்தில என்ன தேடுறீங்க, முத்தா? கடல் யாருக்கும் நிக்காது, ஓடுங்க!"

ஓடினோம். என் முழங்காலும் ஓடியது. பாதையின் வாசலில் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. காவலர் கையை விரித்தார்: "இனிமே சாயங்காலம்தான்." கண் முன்னாலேயே பாதையின் நடுக்கோடு தண்ணீருக்குள் போய் மறைந்தது.

நோ என் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, நீங்க ஏன் கரண்டிய வைக்கல?"

"நீங்க வைப்பீங்கன்னு பாத்தேன்."

"நான்தான் கடிகாரத்தைப் பாத்துப் பாத்து ஜாடை காட்டினேனே!"

"எங்க பொண்ணப் பிடிக்காம பாக்குறீங்கன்னு நெனச்சேன்."

அவர் மெதுவாக, "பிடிக்காமலா? தயங்கினது நெசம். ஆனா என் பையன் பொறந்ததுலேர்ந்து எனக்கு ஒரு சிப்பி ஓடு பிரிச்சுக் குடுத்ததில்ல" என்றார்.

அதுவரை வாயே திறக்காத அவர் மனைவி யோன்ஜேயின் கையைப் பிடித்தார். "நல்லாப் பாத்துக்கம்மா. இந்த மனுஷன் கரண்டிக்குக் காத்துக் காத்து நான் ஆறிப்போன சோறே தின்னுருக்கேன். இதெல்லாம் தெரிஞ்சு வர்றியா?"

"வர்றேன் அத்தை."

"அப்ப இலையுதிர்காலத்தில கல்யாணம். விருந்து பஃபே. அவங்கவங்க தட்டு, அவங்கவங்க கரண்டி. யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம்."

நானும் நோவும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். யார் முந்தினோம் என்று கேட்காதே.

மரியாதை என்பது இப்படியும் நல்ல முடிவைத் தரும் என்பதே நான் கண்ட பாடம். உன் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும். மைத்துனருக்கு என் வணக்கம், மகனுக்கு ஆசிகள்.

உன் அண்ணன்,
கில்தே

பி.கு.: கடிதத்தை உன் அண்ணி படித்துவிட்டு, "மரியாதையாம், பாடமாம்!" என்று சிரிக்கிறாள். தண்ணீர் ஏறும் நேரத்தைப் பார்த்தே பிள்ளைகள் அந்தக் கடையையும் அந்த நேரத்தையும் தேர்ந்தெடுத்தார்களாம். கிம்ச்சி கேட்டது நேரம் கடத்தவாம். யோசனை உன் அண்ணியுடையதும் சம்பந்தியம்மாவுடையதுமாம். "ரெண்டு பேர்ல யாராவது மூஞ்சியத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு பயம். கடல் மூடிட்டா எங்க போவீங்க? கரண்டியப் பிடிச்சுக்கிட்டு நீங்களே உதவி செய்வீங்கன்னு நாங்க நெனைக்கவே இல்ல." ஆகவே மேலே எழுதிய பாடத்தை அடித்துவிடு. உன் மகன் சம்பந்தம் பேச ஓர் இடம் சொன்னால், சரி என்று சொல்லும் முன் அந்த ஊரில் கடல் ஏறும் நேரத்தைப் பார்.