மாடியில் அரியலூர் ரோடு

"தம்பி, மேல என்னத்தையோ போட்டு அரைக்கிறீங்க. ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல."

கீழ்வீட்டு அய்யம்பெருமாள் படியேறி வந்து சொன்னதும் அறிவரசன் கூசிப்போனான். ரிட்டயர்டு கண்டக்டர், கோபப்படத் தெரியாத மனிதர். அவரையே படியேற வைத்துவிட்டோமே என்று இருந்தது.

அரைத்தது சைக்கிள்தான். பின்சக்கரத்தை இரும்பு ஸ்டாண்டில் பூட்டி ஓர் உருளையோடு ஒட்டிவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் இருந்த இடத்திலேயே சுற்றும். டிரெய்னர் என்று பெயர். மாசி கடைசி ஞாயிறு ஆபீஸ்காரர்கள் எல்லோரும் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் சைக்கிளில் போவதாக ஏற்பாடு. அந்த ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பழகப் பயந்து, அறிவரசன் மாடி அறையிலேயே அரியலூருக்குத் தயாராகிக்கொண்டிருந்தான்.

"எங்கயும் போகாத சைக்கிளுக்கு எதுக்குங்க இம்புட்டு செலவு?" என்று டிரெய்னர் வந்த அன்றே கேட்டாள் மனைவி சுகன்யா. "அரியலூர் போய்ச் சேந்தீங்கன்னா வச்சுக்கங்க. பாதியில நின்னீங்க, பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

செய்யக்கூடியவள்தான். அவனுக்கு அதுதான் பயம். விடிகாலை ஐந்து மணிக்கு அந்தச் சைக்கிளில் ஏறிக் கண்ணை மூடினால் அவன் அந்த அறையிலேயே இருப்பதில்லை. தூரத்தில் ஒரு மலைக்கோயில் மெல்ல விலகிப் போகும். மக்காச்சோளக் காட்டுக் காற்று சட்டைக்குள் புகும். சிமெண்ட் லாரிகள் ஒதுங்கி நிற்க, டிரைவர்கள் "போங்க சார், போங்க" என்று கையாட்டுவார்கள். ஆபீஸில் ஒருவரும் அவனை அப்படி மதித்ததில்லை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளையே அவன் பொறுத்துக்கொண்டிருந்தான்.

அய்யம்பெருமாளுக்காக ஸ்டாண்டுக்கு அடியில் ரப்பர் பாய் போட்டான். மூன்றாம் நாள் அவர் மறுபடி வந்தார்.

"இப்பத்தான் தம்பி அதிகமாயிருக்கு."

பாய்க்கு மேல் பழைய மெத்தையைப் போட்டான். மறுநாள் காலையில் அவனும் சைக்கிளுமாகப் பீரோ மேல் போய் விழுந்தார்கள். மெத்தையை உருவிவிட்டு, மிதிப்பதைப் பாதியாகக் குறைத்தான். அவர் வந்தார்.

"வேகம் கூடிப்போச்சே தம்பி. கண்ணசர முடியல."

இன்னும் குறைத்தான். பெடல் சுற்றுகிறதா நிற்கிறதா என்று சைக்கிளுக்கே சந்தேகம் வரும் அளவுக்குக் குறைத்தான். கடைசியில் ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துத் தூங்கவே ஆரம்பித்துவிட்டான். கனவில் மட்டும் அரியலூரைத் தாண்டி மீன்சுருட்டி வரை போய் வந்தான்.

ஆனால் பின்சக்கரத்தில் மாட்டியிருந்த மீட்டரில் வாராவாரம் ஓடிய தூரம் குறையவில்லை. ஞாயிறுதோறும் பார்த்துக் காலண்டரில் குறிப்பான். போன வாரம் நூறு கிலோமீட்டர் என்றால் இந்த வாரம் நூற்றைம்பது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

"சுகன்யா, கனவுல ஓட்டுனாகூட ஏறுது பாரு."

இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை இடுப்பில் வைத்தபடி மாடிப்படி ஏறி வந்தவள், மூச்சு வாங்காமல், "ஏறும், ஏறும்" என்றாள்.

அந்த ஞாயிறும் வந்தது. எட்டாவது கிலோமீட்டரில் அறிவரசனின் கால் இரண்டும் மரத்துப்போயின. கண்ணை மூடிப் பார்த்தான். மலைக்கோயிலும் வரவில்லை, மக்காச்சோளமும் வரவில்லை. நிஜ லாரி ஒன்று காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கூட வந்தவர்கள் அவனையும் சைக்கிளையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"முடியல சுகன்யா. டிரெய்னரை இரும்புக்குப் போட்டுரு."

"சேச்சே, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்ங்க," என்றாள் அவள் அவசரமாக. "எடத்தையா அடைக்குது?"

இவளுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று அவன் நெகிழ்ந்து நின்றான். ஆட்டோ சத்தம் கேட்டு வெளியே வந்த அய்யம்பெருமாள், அவனையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களா தம்பி போனீங்க? நீங்க ஆபீஸ் போனப்புறம் தெனம் மத்தியானம் ரெண்டு மணி நேரம் மிதிக்கிறாங்களே, அவங்கள அனுப்பியிருந்தா இந்நேரம் அரியலூர் போயிட்டுத் திரும்பியே வந்திருப்பாங்க."