கங்காணியார் நாக்கில் வெந்த மலை

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தை வைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார முடியாத கூட்டம் ஒன்று உண்டு. அதற்கு நான் தலைவர்.

இருபதுகளில் மலாய் நாட்டில் ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். குனோங் ராபாட் மலைகளை ஆராய ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். அவர் உடைக்கும் கற்களைச் சாக்கில் சுமக்க ஆள் கேட்டார்கள், போனேன். நாங்கள் குடியிருந்த லயத்தில் மட்டும் 'மலை ஆபீஸில் உத்தியோகம்' என்று சொல்லி வைத்தேன். (ஆபீஸ் என்பது துரையின் குடை நிழல். அதிலும் எனக்கு இடமில்லை.)

துரைக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் கொஞ்சம் மலாய் இருந்தது. ஒருநாள் பாறையில் அடுக்கடுக்காக ஓடிய கோடுகளைச் சுத்தியலால் தொட்டுக் காட்டினார். மேலே வெள்ளை, அதன் கீழே சாம்பல், அதற்கும் கீழே கறுப்பு. சாம்பல் அடுக்கில் சிப்பிகள் கல்லாகிக் கிடந்தன. "டூலு லாவுட்," என்றார். முன்பு கடல். சிப்பியும் கிளிஞ்சலும் செத்துச் செத்து அடியில் படிந்து, அடுக்கின்மேல் அடுக்காக இறுகி மலையாகிவிட்டன என்று மீதியைக் கையாலேயே சொன்னார். கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே நான் கடந்து வந்த கடல் இங்கேயும் இருந்திருக்கிறதே என்று உடம்பு சிலிர்த்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

எங்கள் கங்காணியாரின் மகள் அஞ்சலை. குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை வேண்டுமென்றே மெதுவாக நிரப்புவாள். அவளைச் சுங்காய்த் தோட்டத்து ஆபீஸில் எழுதும் ஒரு கிராணிக்குக் கேட்டிருந்தார்கள். அவள் சோற்றைத் தள்ளிவைத்து அடம்பிடித்ததால் கங்காணியார் என் பக்கம் சாய்ந்தார். வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்றுவதென்று முடிவானது. மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் கிராணி என்ன, கவர்னரே வந்து பெண் கேட்டாலும் நடக்காது.

கங்காணியார் வெற்றிலைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு மட்டும்தான் போடுவார். அது கடற்கரைப் பக்கமிருந்து வரவேண்டும். அந்த வாரம் மழையில் வரவில்லை.

"கடையில இருக்கறது கல்லுச் சுண்ணாம்பு லா. சுவத்துல பூசறத வாயில பூசச் சொல்றியா?" என்று அலுத்துக்கொண்டார்.

"மாமா, இந்த மலையே கிளிஞ்சல்தான். ஒரு காலத்துல கடலு. நானே சுட்டுக் கொண்டாரேன்."

"மலையில கிளிஞ்சலா? யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல கண்டுபிடிச்சோம்."

(கண்டுபிடிச்சோமாம்! இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.)

சிப்பி அடுக்கிலிருந்தே கல் பெயர்த்து, தோட்டத்துக் கொல்லர் உலையில் சுட்டேன். வெள்ளிக்கிழமை காலையில்தான் வெந்து முடிந்தது. தண்ணீர் ஊற்றியதும் கொதித்து, பொரிந்து, பார்ப்பதற்கு வெண்ணெயாகத்தான் இருந்தது.

"ராத்திரி பூரா ஊறணும்டா. அப்புறம் வடிகட்டணும்," என்றார் கொல்லர்.

"இந்தக் கல்லு கடலுக்குள்ள எத்தன காலம் ஊறிக் கெடந்துச்சு, தெரியுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு டப்பாவில் வழித்தேன்.

சபை கூடியது. கங்காணியார் வெற்றிலையில் என் சுண்ணாம்பைக் கட்டைவிரலால் தாராளமாகத் தடவி மடித்துப் போட்டுக்கொண்டார். மருமகன் கொண்டுவந்ததாயிற்றே! தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர், "என்ன கங்காணி, சம்மதந்தானே?" என்றார்.

கங்காணியார் வாயைத் திறந்தார். சம்மதம் வரவில்லை. நாக்குதான் வந்தது. நீறாத கட்டி ஒன்று எச்சில் பட்டதும் உள்ளே வேலையைக் காட்டிவிட்டது. தட்டைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினார். தேங்காயெண்ணெயை வாயில் ஊற்றினார்கள். உதடு இட்லியாக வீங்கியது. சபை சிரித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அஞ்சலை சிரிக்கவில்லை. வெளியே வந்து, டப்பாவை எடுத்து விரலால் கிளறிப் பார்த்தாள். கட்டிகட்டியாக இருந்தது.

"ஒரு ராத்திரி பொறுக்க முடியலையா ஒங்களுக்கு?" என்றாள். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

வாய் ஆறியதும் கங்காணியார் பேசிய முதல் பேச்சு: "சுங்காய்க்கு ஆளனுப்பு."

பிறகு ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அந்த மலையடியில் சூளை போட்டார். தோட்டத்துக் கடையிலும் அந்தச் சுண்ணாம்புதான் வந்தது. கங்காணியாரும் கடைசிவரை அதையே போட்டார். அதே அடுக்கு, அதே சிப்பி. ராத்திரி முழுக்க ஊறியது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் சொன்னது சரி என்று ஒருவனும் வந்து சொல்லவில்லை. சுங்காயில் அஞ்சலை எப்படி இருக்கிறாள் என்று நானும் யாரையும் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டால் தாங்கமாட்டேன்.

இந்தக் கதையை என்னைவிட என் மனைவி நன்றாகச் சொல்வாள். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு வந்தால், "இவரு கையில சுண்ணாம்ப குடுத்துடாதீங்க," என்று ஆரம்பிப்பாள். எங்கள் வீட்டில் சூடான காப்பியை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற பிள்ளைக்கு இன்றைக்கும் 'கங்காணி' என்றுதான் பட்டம்.

அவள் கதையில் துரை உண்டு, மலை உண்டு, வீங்கிய உதடு உண்டு. பெண் மட்டும் 'யாரோ ஒரு பொண்ணு'. அந்த இடம் வரும்போதெல்லாம் அந்தப் பெயர் என் நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிட்டு எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பேன். வாய் வெந்துபோகும்.