அரிவாள்மூக்கனுக்கு ஜப்பானியக் குரல்

ஒரு பறவை ஜப்பானிய மொழியில் பேசவேண்டுமானால் அதற்கு முதலில் ஒரு குரல் வேண்டும். குரலுக்கு ஒரு மனிதன் வேண்டும். மனிதனுக்கு ஓர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். மூன்றாவதை இயற்கை படைக்க மறந்துவிட்டது. சிட்னி மறக்கவில்லை.

நான் லிட்கம்மில் பழைய கார் விற்கிறவன். அதற்கு முன் ஜப்பானில், நகோயாப் பக்கத்துக் கார் ஏல முற்றங்களில் கத்திப் பிழைத்தவன். அந்த மொழியை எனக்கு ஒரு பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. கதவு நசுங்கின காரை நசுங்காத விலைக்கு என் தலையில் கட்டப் பார்த்தவர்கள் சொல்லித்தந்தார்கள். ஆகவே என் ஜப்பானியத்தில் மரியாதை குறைவு, எரிச்சல் அதிகம்.

கொரோனாக் காலத்தில் இங்கே ஒரு கார்ட்டூன் படம் எடுத்தார்கள். விலங்குகளும் பறவைகளும் பேசுகிற படம். அரசாங்கமும் அதில் காசு போட்டிருந்ததால், எந்த மொழியில் விற்றாலும் குரலை இங்கேயே பதியவேண்டும் என்று விதி. ஜப்பானில் இருந்து நடிகர்களைக் கொண்டுவர விமானம் ஓடவில்லை. ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த கெல்வின் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான். மலேசியாவில் இருந்து வந்த பெடியன். அவன் கூடத்துக்கும் என் முற்றத்துக்கும் ஒரே மதில். நான் போனில் ஒரு ஜப்பான்காரனோடு கியர்பெட்டிக்காகச் சண்டை பிடிப்பதை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதும் கேட்டிருக்கிறான்.

"அண்ணே, இதே கோவத்துல ஒரு பறவை பேசணும்லா. வர்றீங்களா?"

பறவை எது என்றால், வெள்ளை அரிவாள்மூக்கன். சிட்னிக்காரருக்கு அறிமுகம் தேவையில்லை. குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டு, நீங்கள் எறிந்த சிப்ஸை நீங்கள் பார்க்கவே தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று உங்களையே பார்க்கும் வளைந்த மூக்குப் பறவை. குப்பைத்தொட்டிக் கோழி என்று இங்கே அதற்குச் செல்லப்பெயர். படத்தில் அது ஒரு துண்டு சிப்ஸுக்காகக் கடற்காகங்களோடு பேரம் பேசிப் பேசியே எல்லாரையும் களைக்கவைக்கும். நான் நடிக்கவில்லை. வழக்கம்போலப் பேசினேன்.

படம் ஜப்பானில் ஓடியது. பிள்ளைகள் கடைகளில் நின்று அரிவாள்மூக்கனின் குரலில் மிட்டாய்க்கு விலை குறைக்கச் சொல்லித் தாய்மாரின் மானத்தை வாங்கினார்கள். அந்த நாட்டில் நான் வாயைத் திறந்தவுடன் போனை வைத்தவர்கள் உண்டு. இப்போது அவர்களுடைய பிள்ளைகளின் வாயில் என் பேச்சு. என் வாழ்க்கையில் பேரம் பேசாமல் எனக்குக் கிடைத்த ஒரே பொருள் அந்தப் பறவைதான். இரண்டாம் பாகம் வருகிறது என்று கெல்வின் சொன்ன அன்றே, உயிர் போனாலும் அதை வேறு ஒருவனுக்கும் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அதற்குள் மாநிலத்தில் குரல் நியாய அலுவலகம் என்று ஒன்றைத் திறந்துவிட்டார்கள். எந்த விலங்குக்கு எந்த மொழியில் யார் பேசலாம் என்று தீர்மானிப்பது அதன் வேலை. அதற்குமுன் அதைத் தீர்மானிக்காமல் உலகம் எப்படி உருண்டது என்று யாரும் கேட்கவில்லை.

பரமட்டாவில் அலுவலகம். உள்ளே உட்கார ஒரு கதிரை இல்லை. கதிரை மனிதரை மேல் கீழாகப் பிரிக்கிறதாம். பதிலாகப் பெரிய பெரிய பஞ்சுமூட்டைகள். ஒன்றில் நான் புதைந்தேன். எதிர்மூட்டையில் ப்ரீத்தி என்ற பிள்ளை புதைந்திருந்தாள். சென்னைப் பக்கம். பதவி, உண்மைத்தன்மைப் பிரிவின் மூத்த ஆலோசகர்.

"அங்கிள், முதல்ல ஒண்ணு கிளியர் பண்ணிடறேன். உங்க ஜாப்பனீஸை நாங்க கேக்கப்போறதில்ல."

"ஜப்பானியக் குரலுக்குத்தானே பிள்ளை ஆள் எடுக்கிறியள்?"

"ஆமா. ஆனா கமிட்டியில யாருக்கும் ஜாப்பனீஸ் தெரியாது."

"தெரிஞ்ச ஒராளைப் போடுறது."

"போட்டோம் அங்கிள். அவங்க ஜாப்பனீஸ் தெரிஞ்சவங்களுக்கே மார்க் போட்டாங்க. அது பாரபட்சம் இல்லையா? கமிட்டியிலேர்ந்து எடுத்துட்டோம்."

"அப்ப என்னத்தைப் பார்த்து எடுப்பியள்?"

"வாழ்ந்த அனுபவம். இந்தப் பறவையோட வாழ்க்கையை நீங்க வாழ்ந்திருக்கணும்."

"நான் மனுசன், பிள்ளை."

"அதை நாங்க உங்களுக்கு எதிரா எடுத்துக்கமாட்டோம்."

இன்னொருவரும் போட்டியில் இருப்பதாகச் சொன்னாள். பெயரைக் கேட்டதும் எனக்குக் காது சுட்டது. வாசுதேவன். கம்ப்யூட்டர் வேலை, மேற்குச் சிட்னித் தமிழ் நலன் பேரவையின் ஆயுட்காலச் செயலாளர். ஒருமுறை அலுவலக வேலையாகத் தோக்கியோ போய், இங்கிருந்து கொண்டுபோன புளியோதரைப் பொடியை மட்டும் சாப்பிட்டு, ஹோட்டல் அறையை விட்டு வெளியே வராமல் திரும்பியவர்.

"அந்தாளுக்கு என்ன வாழ்ந்த அனுபவம்?"

"அவர் வீட்டுக் குப்பைத்தொட்டியை இந்தப் பறவைங்க வருஷக்கணக்கா கிளறுது. ஒவ்வொரு தடவையும் கவுன்சிலுக்குக் கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கார். ஒரு பறவையோட இவ்வளவு நீண்ட, ஆவணப்படுத்தப்பட்ட உறவு வேற யாருக்கும் இல்ல."

"அவர் அதுகளைக் கொல்லச் சொல்லி எழுதினவர்."

"உறவுன்னா ஏத்த இறக்கம் இருக்கும் அங்கிள்."

எனக்குக் கோபம் வந்தால் எழும்பி நின்று கத்துவேன். ஆனால் பஞ்சுமூட்டையில் இருந்து கோபமாக எழும்ப முடியாது. வேண்டுமானால் முயன்று பாருங்கள். எழும்ப எழும்பத் திரும்ப விழுந்தேன். கடைசியில் ப்ரீத்திதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்ட பிள்ளையிடம் எப்படிக் கத்துவது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியிலேயே யோசித்தேன். ஏலத்தில் ஒருவன் ஒரு விலை சொன்னால் நாம் அதற்கு மேல் சொல்லவேண்டும். அவ்வளவுதான். வாசுதேவனிடம் பறவையோடு சண்டை இருக்கிறது. என்னிடம் அதைவிட நெருக்கமாக ஏதாவது இருக்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை வென்ட்வேர்த்வில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கச் சந்தில், பெரிய குப்பைத்தொட்டி அருகே போய் நின்றேன். பறவைகள் வந்தன. நானும் குனிந்தேன். அவை கிளறியதை நானும் கிளறினேன். ஒரு கொத்துரொட்டிப் பொட்டலத்துக்காக ஒரு கிழட்டு அரிவாள்மூக்கன் என்னோடு இழுபறிப்பட்டது. ஜப்பானிய மொழியில் ஏசினேன். அது விலகவில்லை. எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது.

காருக்குள் இருந்த என் மனுசி தனேஸ்வரி கண்ணாடியை இறக்கினாள்.

"சனம் பார்க்கப்போகுது. வாங்கோ."

"பார்க்கத்தானே நிக்கிறன்."

சனம் பார்த்தது. மீன் வாங்கிக்கொண்டு வந்த ஞானம்மாள் அன்ரி பார்த்தா. என் தலை தொட்டிக்குள் இருந்ததையும் கையில் பொட்டலம் இருந்ததையும் பார்த்தா. பார்த்து, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு போனா. எங்கள் ஆட்கள் ஒருவன் விழுந்தால் அவனிடம் என்ன நடந்தது என்று கேட்கமாட்டார்கள். அது நாகரிகம் இல்லை. மற்ற எல்லாரிடமும் கேட்பார்கள்.

பொழுதுபடுவதற்குள் சனத்தின் வாயில் என் கார் வியாபாரம் படுத்துவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்குள் வீடு வங்கிக்குப் போய்விட்டது. வாசலில் இடியப்பப் பொதிகள் வரத் தொடங்கின. மணி அடிப்பது, வைப்பது, ஓடுவது. மறுநாள் பேரவையின் வாட்ஸப் குழுவில் செயலாளர் வாசுதேவனின் அறிக்கை வெளியானது.

'நம் சகோதரர் ஒருவர் குப்பைத்தொட்டியில் உணவு தேடும் நிலைக்குத் தள்ளப்பட்டிருப்பது பேரவையின் மேலான கவனத்துக்கு வந்துள்ளது. அன்னாரின் சுயமரியாதை கருதிப் பெயரை வெளியிட விரும்பவில்லை. லிட்கம் சிவமணி அவர்களின் சுயமரியாதையைக் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.'

நான் போனைச் சுவரில் அடிக்கப் போனேன். தனேஸ்வரி ஒரு பொதியைப் பிரித்துச் சொதியில் விரலை வைத்து ருசி பார்த்தாள்.

"நல்லாத்தான் வைச்சிருக்கினம். இந்தக் கிழமை நான் சமைக்கக் குசினிக்குள்ளை போகேல்லை. நீங்கள் இன்னும் ரெண்டு நாள் அங்கை நில்லுங்கோவன்."

அப்போதுதான் ப்ரீத்தியின் போன் வந்தது. அவளுடைய அம்மாவும் அந்தக் குழுவில் இருந்திருக்கிறா.

"அங்கிள், இதை ஏன் நீங்க இன்டர்வியூல சொல்லல? வாழ்ந்த அனுபவம், அதுவும் ஒரு சமூக அமைப்பே உறுதி செஞ்சது. இதுக்கு மேல என்ன வேணும்? கமிட்டியில ரெண்டு பேர் அழுதுட்டாங்க. பறவை உங்களுக்குத்தான்."

வாசுதேவன் தன் கையாலேயே என்னைத் தேர்வுசெய்துவிட்டார். அறிக்கையை வாபஸ் வாங்கலாம்தான். ஆனால் பேரவை தொடங்கிய நாள் தொட்டு ஓர் அறிக்கையையும் வாபஸ் வாங்கியதில்லை. பிறகு மன்னிப்புக் கேட்ட அறிக்கைகளைக்கூட.

ஒலிப்பதிவு நாள் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெல்வின், மேற்பார்வைக்கு ப்ரீத்தி. அவளுக்குப் பக்கத்தில் வாசுதேவன். அவருடைய விண்ணப்பம் வீணாகக்கூடாது என்று அவரை மொழி நெறியாளராகப் போட்டிருந்தார்கள். கெல்வின் கையைக் காட்டினான். அரிவாள்மூக்கன் குப்பை லொறியை மறித்து நின்று பேரம் பேசும் இடம். ஒரே மூச்சில் பேசி முடித்தேன். கெல்வின் சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்துவிட்டான்.

ப்ரீத்தி சிரிக்கவில்லை. "அங்கிள், ரொம்ப சரளமா இருக்கே."

"உங்களுக்கு ஜப்பானிசு தெரியாதே, பிள்ளை."

"வேகமா பேசறீங்களே. சிட்னி குப்பைத்தொட்டியில வளர்ந்த பறவை, புது மொழியில இவ்வளவு ஈஸியா பேசுமா? அதோட போராட்டம் எங்க? வலி எங்க?"

"வலி இல்லைப் பிள்ளை. அது சிப்ஸ் கேக்குது."

"வாசுதேவன் சார் காட்டுவார். அவருக்கு ஜாப்பனீஸ் சுத்தமா வராது. அந்த வராமை உண்மையானது."

வாசுதேவன் அடக்கமாகத் தலையை ஆட்டினார். "சிவமணி சார், நீங்க தெரிஞ்சு பேசறீங்க. அதுதான் பிரச்சினை. தெரியாம பேசிப் பாருங்க."

நான் பேரத்தில் இறங்கினேன். குப்பை லொறி இடத்தை மட்டுமாவது எனக்கு விடுங்கள் என்றேன். முடியாது என்றாள். கோபம் வரும் வசனங்களை மட்டும் என்றேன். அங்கேதான் போராட்டம் அதிகம் வேண்டும் என்றாள். கெல்வின் இடையில் புகுந்து, "அண்ணன் பேசறதுதாம்மா ஜப்பான்ல ஓடுச்சு," என்றான். அது பழைய கொள்கை என்றாள். பிறகு மிகவும் மரியாதையாக, எனக்குச் சம்மதம் இல்லையென்றால் வாசுதேவன் சாரே பேசத் தயாராக இருக்கிறார் என்றாள்.

அந்த இடத்தில் பேரம் முடிந்தது. பறவை வேண்டுமா, பாசை வேண்டுமா. பாசையை விட்டேன்.

ஜப்பானிய வசனம் முழுவதையும் வாசுதேவன் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, தனக்கு மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் வெட்டிவைத்திருந்தார். எங்கே நீட்டுவது, எங்கே ஏற்றுவது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே நீட்டல், ஆண்டுவிழாவில் தலைவரை மேடைக்கு அழைக்கும் நீட்டல். குப்பை லொறிக்காரனை அரிவாள்மூக்கன் அப்படித்தான் அழைத்தது. "இன்னும் தெரியாம, சார்," என்று என்னைக் கீழே கீழே இறக்கிக்கொண்டே போனார். மாலையில் எனக்கே நான் என்ன சொல்கிறேன் என்று விளங்கவில்லை. ப்ரீத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் அங்கிள்," என்றாள்.

முன்னோட்டக் காட்சியைப் பேரவையே பொறுப்பெடுத்து ஒரு மண்டபத்தில் நடத்தியது. குத்துவிளக்கு, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. அதற்குப் பிறகு படம். அரிவாள்மூக்கன் வாயைத் திறக்கும்போதெல்லாம் மண்டபம் கைதட்டியது. என்ன உச்சரிப்பு, ஜப்பான்காரன் தோத்தான் என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். ஞானம்மாள் அன்ரி அழுதா. இடியப்பம் தந்த கை அல்லவா.

முடிந்ததும் மேடைக்கு ஒரு ஜப்பானியப் பெண்மணியை அழைத்தார்கள். ஜப்பானில் படத்தை வெளியிடும் நிறுவனத்தில் இருந்து அன்று காலைதான் வந்து இறங்கியவர். ஹயாஷி அம்மையார் என்றார்கள். அவர் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிதானமாக, அழகான ஜப்பானியத்தில் பேசினார். அந்த மண்டபத்தில் அது விளங்கியவன் நான் ஒருவன்தான்.

அவர் சொன்னது இது: "இந்தப் பறவையின் தமிழ் காதுக்கு மிகவும் இனிமையாக இருந்தது. உங்கள் மொழியை இன்றுதான் முதன்முதலில் கேட்கிறேன். எங்கள் பிள்ளைகள் பழைய அரிவாள்மூக்கனின் குரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானியப் பதிப்பை எப்போது பதிவுசெய்யப் போகிறீர்கள்?"

மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வாசுதேவன் பொன்னாடையைப் பாதி விரித்தபடி நின்றார். கெல்வின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்க்கத் தொடங்கினான். ப்ரீத்தி ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினாள்.

"என்ன சொல்றாங்க அங்கிள்?"

உண்மையைச் சொன்னால் நியாயம். நியாயம் என்றால் விசாரணை. விசாரணை என்றால் புதுக் குழு, புது ஆள், வேறு குரல். காத்திருக்கும் பிள்ளைகளுக்கு என் குரல் போகாது. சொல்லாவிட்டாலும் போகாது. ஆனால் சொல்லாவிட்டால் பெயராவது என் கையில் இருக்கும். நசுங்கின கதவோடு எத்தனை காரை வாங்கியிருக்கிறேன். என் வாழ்க்கையிலேயே மிகக் குறுகிய பேரம் அது.

"சரியான சந்தோசமாம்," என்றேன். "மூண்டாம் பாகம் எப்ப எண்டு கேக்கிறா."

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. ஹயாஷி அம்மையார் அதைத் தன் கேள்விக்கான நல்ல பதிலாக எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்து, இடுப்பை மடித்து, ஆழமாக வணங்கினார். ப்ரீத்தி வணங்கினாள். பொன்னாடையோடு வாசுதேவன் வணங்கினார். அவரைப் பார்த்து மண்டபமே வணங்கியது. ஜப்பானிய முறைப்படி முதலில் நிமிர்வது மரியாதைக்குறைவு என்று யாரோ கிசுகிசுத்தார்கள். ஆகவே யாரும் நிமிரவில்லை. முறை தெரிந்த ஒரே தமிழன் நான், எல்லாரையும்விடக் கீழே குனிந்துகொண்டேன்.