ஆக்சிஜனும் அங்கவஸ்திரமும்

நான் வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவள். (இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பதில்லை, எங்கள் தெருப் பால்காரருக்கும் தெரியும்.) அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு குச்சியை அணைக்கத் தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஆசிரியை வேலைக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தேறாவிட்டால், அப்பா சொல்லும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வாயை மூடிக்கொண்டு சேருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

"ஸ்கிரீன்ல வீடியோ போட்டுக் காட்டிட்டு வந்துடேன். எதுக்கு வம்பு?" என்றார் அப்பா.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தைகள் ஆக்சிஜனை நேரில் பார்க்க வேண்டாமா? (அது கண்ணுக்கே தெரியாதே என்று அப்பா கேட்டதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.) மயிலாப்பூர்க் கடையில் ஐஸ் குச்சிக் கட்டு ஒன்று வாங்கி, மெல்லிசாகப் பிளந்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சோதனை ரொம்பச் சுலபம். குச்சியைக் கொளுத்த வேண்டும். சுடரை அணைத்து, நுனியில் கனல் மட்டும் இருக்கும்போது, பள்ளி ஆய்வகத்தில் பிடித்து வைத்த ஆக்சிஜன் ஜாடிக்குள் விட வேண்டும். குப்பென்று மறுபடி பற்றிக்கொள்ளும்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். முதல் வரிசையில் அவர்களோடு தலைமை ஆசிரியையும் பள்ளியின் தாளாளரும். தாளாளர் தன் ஜரிகை அங்கவஸ்திரத்தை மடித்து மேஜைமேல் வைத்திருந்தார்.

கொளுத்தினேன். ஊதுவதற்காக உதட்டைக் குவித்தேன். காற்று வரவில்லை! எங்கள் வீட்டில் நெருப்பை வாயால் ஊதி அணைப்பது மகா பாவம். விளக்கைப் பூவால் குளிர வைப்போம், ஊதுவத்தியைக் கையால் விசிறுவோம், பிறந்தநாள் கேக்கை மெழுகுவத்தி இல்லாமலே வெட்டுவோம். பதக்கம் வாங்கிய வாய் பூட்டிக்கொண்டது. கை தானாக விசிற ஆரம்பித்தது.

முதல் குச்சி கனலும் இல்லாமல் கரியாகிவிட்டது. இரண்டாவது, விசிற விசிற இன்னும் ஜோராக எரிந்தது.

"இன்னா மிஸ், கொசு கீதா?" என்றான் ஒருவன்.

"ஊதுங்க மிஸ்!" என்று ஒரு பெண் கெஞ்சினாள். உடனே வகுப்பே "ஊதுங்க மிஸ், ஊதுங்க மிஸ்" என்று பஜனை பாடியது. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். வேலை கைநழுவுகிறது என்று புரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இடது கையில் ஜாடியோடு, மூன்றாவது குச்சியை ஆவேசமாக உதறினேன். சுடர் அணைந்தது. கனல் நுனி மட்டும் உடைந்து பறந்துபோய் அங்கவஸ்திரத்தின்மேல் உட்கார்ந்தது.

மூடினால் நெருப்பு அணையும் என்பது சமையலறை ஞானம். பாய்ந்து போய்க் கையிலிருந்த ஜாடியை அதன்மேல் கவிழ்த்தேன். ஜாடியில் இருந்தது என்னவென்று வகுப்பில் எனக்கு மட்டும்தான் மறந்துபோயிருந்தது.

குப்!

அந்த மாதிரி அழகாக எரிந்த ஆக்சிஜன் சோதனையை அதற்குப் பிறகு நானே செய்ததில்லை. ஜாடியைத் தூக்கி, அத்தனை பரம்பரையையும் மறந்து "ப்பூ" என்று ஊதினேன். அணைந்தது. ஜரிகைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை.

தாளாளர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஜாடிக்குள்ள என்ன வாயு?" என்று கேட்டார்.

"ஆக்சிஜன்!" கூரை அதிர்ந்தது.

"எப்படித் தெரியும்?"

"கனல் திரும்பப் பத்திக்கிச்சு சார்!" என்று கத்தினான் கொசு கேட்டவன்.

"பாடம் நடந்துடுத்து," என்று தாளாளர் தலைமை ஆசிரியையிடம் சொன்னார். "திங்கக்கிழமையே வரச் சொல்லுங்கோ. நான் மட்டும் இனிமே கடைசி பெஞ்ச்."

வீட்டில் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்ட ஒரே கேள்வி: "வாயாலயாடி ஊதினே?"

அப்பாவோ கட்சி மாறிவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், "மத்தவாள்லாம் இன்டர்வியூவுல பதில் சொல்லி வேலை வாங்குவா. எங்காத்துப் பொண்ணு மேனேஜ்மென்டைக் கொளுத்தி வாங்கிண்டு வந்தா" என்று ஆரம்பித்துவிடுவார். காபியோடு வரும் நான் வெட்கப்பட வேண்டிய இடம் அது. நான் படுவதில்லை, எந்த வீடியோவுக்கு இப்படி ஒரு வகுப்பு எழுந்து நின்று கத்தியிருக்கிறது?