பதினாறில் எட்டைக் காணோம், மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். கம்ப்யூட்டர் நலமில்லை.

போன வாரம் வந்தபோது, என் கட்டட வரைபடங்கள் சட்டென்று திறக்கட்டும் என்ற பாசத்தில், நாக்கு மாதிரி மெல்லிய, கோப்புகளைச் சேமிக்கும் ஒரு புது டிரைவை மதர்போர்டில் செருகிவிட்டுப் போனீர்கள். நான் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. "மாப்பிள்ளை ஆசையா செஞ்சதைக் குத்தம் சொன்னீங்கன்னா, மககிட்ட நானே போட்டுக் குடுத்துடுவேன்" என்று அத்தை மிரட்டியிருப்பதால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

நீங்கள் கிளம்பிய மறுநாள், ஆஸ்பத்திரி கட்டப்போகும் டாக்டர் தம்பதி வந்தார்கள். ஆறு மாதமாக இந்த ஒரு வேலையைத்தான் நம்பியிருக்கிறேன். கட்டாத கட்டடத்துக்குள் நடந்து போவது போலத் திரையில் காட்டினேன். வரவேற்பறை வரை நன்றாகத்தான் நடந்தோம். பிறகு படம் கழிப்பறைக் கதவின் முன் நின்றது, நின்றதுதான். டாக்டர் நாலு நிமிஷம் பொறுமையாக இருந்துவிட்டு, "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாக இருவரும் எழுந்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "சார், இந்த போர்டுல, படத்தை ஓட்டுற கிராபிக்ஸ் கார்டுக்குத் தகவல் போகப் பதினாறு வழி. ரெண்டாவது ஸ்லாட்ல டிரைவைப் போட்டா பாதியைப் பிடுங்கிக்கும், கார்டுக்கு எட்டுதான். ஆனா உங்க வேலைக்கு எட்டே தாராளம், இதனால படம் நிக்காது" என்றார். கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவில்லை. எட்டைக் காணோம் என்று தெரிந்த பிறகு மனுஷனுக்கு வேறென்ன காதில் விழும்? போர்டு வந்த அட்டைப்பெட்டியில் எல்லா ஸ்லாட்டையும் கொட்டை எழுத்தில் போட்டவர்கள், ஒன்றை நிரப்பினால் இன்னொன்று பாதியாகும் என்பதை கையேட்டின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் பூதக்கண்ணாடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் செருகியது யார் என்று நான் கேட்கவில்லை.

அத்தை டார்ச் பிடிக்க, நானே டிரைவைக் கழற்றி, கார்டுக்கு அடியில் காலியாகக் கிடந்த முதல் ஸ்லாட்டுக்கு மாற்றினேன். ஒரு திருகு உள்ளே விழுந்ததில் பெட்டியைக் குழந்தை மாதிரி தூக்கிக் குலுக்க வேண்டியதாயிற்று. இப்போது பதினாறு என்று காட்டுகிறது. வேகம் இரட்டிப்பானதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அத்தைகூட "ஆமாங்க, பறக்குது" என்றாள். டாக்டர் தம்பதியைக் கெஞ்சி நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இனி அன்பளிப்பு ஏதாவது கொண்டுவந்தால், பிரிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டால் போதும்.

நீங்களும் மகளும் எந்தக் குறையும் இன்றி இருக்க ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். படம் மறுபடி நின்றது. டாக்டரம்மா குனிந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, மானிட்டர் ஒயரை கார்டுல சொருகாம போர்டுல சொருகியிருக்கீங்களே" என்றார். மாற்றிச் செருகினார். ஆஸ்பத்திரி முழுக்க ஒரே ஓட்டமாக ஓடினோம். வேலை எனக்குத்தான். இரண்டு வருஷமாக, இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்தே, அந்த கார்டு ஒரு வழியிலும் போகாமல் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. சின்னச் சின்ன வீடுகளாகவே வரைந்ததில் தெரியவில்லை. ஆகவே மேலே உள்ளதை வாசிக்காததாக வைத்துக்கொள்ளவும். அந்த ஒயரைச் செருகியது யார் என்று மகள் கேட்டால், வீடு மாறியபோது நடந்தது என்று மட்டும் சொல்லவும்.