தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு

வம்சாவளிக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால், அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை என்று பொருள். ஓய்வு பெற்ற மறுவாரமே இந்த இனத்தார் ஒரு பூதக்கண்ணாடி வாங்குவார்கள், அதற்கடுத்த வாரம் ஆவணக் காப்பகத்தின் ஜன்னலோர நாற்காலி அவர்களுடையதாகிவிடும், ஆறே மாதத்தில், "சௌக்கியமா?" என்று நீங்கள் தெரியாத்தனமாகக் கேட்டால், "நான் கிடக்கட்டும், எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு வேலை செய்யிற இடத்துல காலு முறிஞ்சது தெரியுமா?" என்று பதில் வரும்.

முன்பெல்லாம் இவர்கள் தங்கள் முன்னோர்களில் தேடியது ராஜாவை. ராஜா கிடைக்காவிட்டால் தளபதி, அவரும் கிடைக்காவிட்டால் அரண்மனைச் சமையல்காரராவது. இப்போது காற்று திசை மாறிவிட்டது. உழைப்பாளிதான் வேண்டும். அதுவும் சாதாரண உழைப்பாளி போதாது. காப்பக வாசலில் இரண்டு வம்சாவளிக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

"எங்க முப்பாட்டன் கல்லு உடைச்சவர்."

"அப்படியா? எங்க முப்பாட்டன் அந்தக் கல்லைத் தலையில சுமந்தவர்."

"எங்காளு செருப்பே இல்லாம உடைச்சாரு."

இதற்கு மேல் நாம் அங்கே நிற்பது நாகரிகமில்லை.

நம்முடைய ஆளுக்கு வருவோம். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து, பிறர் நீட்டிய காகிதங்களையெல்லாம் முப்பத்தாறு வருஷம் சந்தேகப்பட்டே பிழைத்தவர். தெருவில் அவருக்கு 'வம்சாவளி' என்றே பெயர். நாலு வருஷத் தேடலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் ஒருவர், கயிறு திரித்தவர் ஒருவர், கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்டவர் ஒருவர், தெருவிளக்கு ஏற்றியவர் ஒருவர் என்று நாலு முத்துகளை எடுத்திருந்தார். மூட்டைக்காரரின் பலத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். வீட்டில் கேஸ் சிலிண்டரை நகர்த்துவது என்னவோ மனைவிதான். பழைய பதிவேடுகளின் கிறுக்கல் எழுத்தை உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வதும் அதே மனைவிதான். "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கூவுவது மட்டும் இவர் வேலை.

யார் எதைச் சொன்னாலும் இவர் கேட்பது ஒன்றுதான்: "ஆதாரம் இருக்கா?" பால் திரிந்துவிட்டது என்றாலும் கேட்பார்.

கடைசியில் எட்டடி நீளத்துக்கு வம்ச வரைபடம் தயாரானது. ஆளுக்கொரு கட்டம், கட்டத்துக்குள் பெயர், பிறந்த வருஷம், தொழில். குடும்பம் மொத்தத்தையும் ஒரு வாடகை மண்டபத்தில் கூட்டித் திறந்து வைப்பதாக ஏற்பாடு. இந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து அவருடைய அத்தை நிலைகொள்ளாமல் இருந்தார். எண்பத்திரண்டு வயது. தினமும் தொலைபேசியில் ஒரே கேள்வி.

"என்னைப் பத்தி என்னடா எழுதியிருக்க?"

"வந்து பாருங்க அத்தை."

அத்தை முப்பது வருஷம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஒரு சட்டைக் கம்பெனிக்குக் கையால் காஜா எடுத்துப் பித்தான் தைத்துக் கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் நெஞ்சில் அவர் தையல்தான் இருந்தது. அதை யாரும் ஒரு வேலை என்று சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, செத்துப்போவதற்குள், அதை எழுத்தில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

மண்டபத்தில் திரை விலகியது. கைதட்டல். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டம் கட்டமாகத் தடவிக்கொண்டே போய்த் தன் கட்டத்தில் நின்றார். பெயர் சரி. வருஷம் சரி. தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு.

"என்னடா இது?"

"பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவேட்டுல அப்படித்தான் அத்தை இருக்கு. கம்பெனி ஏட்டையும் பார்த்தேன், உங்க பேரு இல்ல."

"எப்படி இருக்கும்? மேஸ்திரி துணிக்கட்டை வாசல்ல போட்டுட்டுப் போவான். பேரு யாரு கேட்டா?"

"நானா எதையாவது எழுதினா அது கதையாயிடும், வரலாறு ஆகாது."

அத்தை மேல் வரிசையில் ஒரு கட்டத்தைப் பார்த்தார். 'தெருவிளக்கு ஏற்றியவர்' என்று பொன்னெழுத்தில் மின்னியது. "இவருக்கு என்ன ஆதாரம்?"

வம்சாவளி முகம் மலர்ந்தார். "அபராதப் பதிவேடு! மூணு தடவை வேலை நேரத்துல தூங்கிட்டாராம், தெரு பூரா இருட்டு. தேதியோட இருக்கு அத்தை!"

"தூங்கினவனுக்குப் பொன்னெழுத்து. நானும் ஒரு நாளாவது தூங்கித் தொலைச்சிருக்கணும்."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

"நேர்ல பார்த்த சாட்சி இருந்தா எழுதுவியா?"

"தாராளமா. உயிரோட யாராவது இருந்தா கூப்பிடுங்க."

"பொழுது சாஞ்சா எனக்கு ஊசிக்காது தெரியாது. இருபது ஊசியிலயும் நூல் கோத்துக் குத்தி வச்சுட்டுத்தான் விளையாடப் போவான் ஒருத்தன். அவன் யாருடா?"

ஆயிரம் பேரை ஆதாரம் கேட்டே திருப்பி அனுப்பிய வம்சாவளி இந்தத் தடவை ஆதாரம் கேட்கவில்லை. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோத்தவன் யார் என்பது அவருக்குத் தெரியாதா? நாலு வருஷமாக ஊரெல்லாம் சாட்சி தேடியவர் அவர். வெட்கமாக இருந்தது, காது மடல் சிவந்துவிட்டது.

பேனாவை எடுத்தார். அந்தக் கோட்டை அடித்துவிட்டு, 'காஜா எடுத்தவர், முப்பது வருஷம்' என்று எழுதினார். பழக்கதோஷம் விடுமா? பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் சேர்த்தார்: 'ஆதாரம்: நேரில் கண்ட சாட்சி, நான்.'

அத்தை இரண்டு தடவை படித்தார். "எழுத்து கோணலா இருக்கு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"பேனாவை மூடிடாதீங்க" என்றது மனைவியின் குரல். அவர் விரல் தன் கட்டத்தின்மேல் இருந்தது. அங்கேயும் ஒரு கோடு. "நாலு வருஷமா அந்த ஏடெல்லாம் படிச்சுச் சொன்னது யாருங்க?"

அவருக்குப் பின்னால் அண்ணி, அவருக்குப் பின்னால் சித்தி, அவருக்கும் பின்னால் இரண்டு மருமகள்கள். வரைபடத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று கோடுகள். மண்டபக்காரர் வந்து சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டும்வரை வம்சாவளி எழுதக் குனிந்த தலை நிமிரவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நாம்தான் காப்பகப் பக்கமே போகாதவர்களாயிற்றே, நமக்கும் இந்த இனத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒரு விண்ணப்பம் நிரப்பினீர்கள். 'தாயார் தொழில்' என்ற இடம் வந்தது. பேனா ஒரு நொடிகூட யோசிக்காமல் ஒரு கோடு போட்டது. அந்த விண்ணப்பமும் இந்நேரம் ஏதோ ஓர் அலமாரியில் பத்திரமாக இருக்கும். நூறு வருஷம் கழித்து உங்கள் பேரனுக்குப் பேரன் பூதக்கண்ணாடியோடு வந்து எடுத்துப் பார்ப்பான். கையெழுத்து உங்களுடையதுதான். ஆதாரம் இருக்கிறது.